மிஸி காட்டாத கால்

அம்மம்மாவை அடக்கம் செய்த அன்று சேமக்காலையில் சிலர் பேசினார்கள். அவர் ஒரு சாந்தசொரூபி, அதிர்ந்து ஒரு சொல் பேசாதவர், பொறுமைக்கு இலக்கணம் என்றெல்லாம் ஒலிவாங்கியில் சொன்னார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் குனிந்து, என் காதுக்குள் கேட்டார்: "பிள்ளை, உது ஆற்றை செத்தவீடு? நான் மாறி வந்திட்டனோ?"

அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். அந்தக் கிழவரின் புருவத்துக்கு மேலே ஒரு தையல் தழும்பு உண்டு. தைத்தது அம்மம்மா. தைத்து முடியும்வரை அவரையும், அவர் குடித்த கள்ளையும், அதை விற்றவனையும் சேர்த்து ஏசியதும் அம்மம்மாதான். இந்தக் கரையில் அவரைப் போல ஏசிய நேர்ஸ் வேறு யாரும் இல்லை. அந்த ஏச்சைக் கேட்பதற்கென்றே வேறு ஆஸ்பத்திரிகளைத் தாண்டி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

அவர் என் அம்மாவின் அம்மா. முல்லைத்தீவுக் கரையில் கடல்தொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. எங்கள் பக்கத்தில் நேர்ஸை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரில் எத்தனையோ மிஸிமார் வந்து போனார்கள். ஆனால் முன்னால் எந்த அடையாளமும் சொல்லாமல் வெறுமனே "மிஸி" என்றால் அது அம்மம்மா மட்டும்தான். அம்மப்பாகூட அவரை அப்படித்தான் கூப்பிட்டார். காலில் திருக்கை முள் ஏறி, நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்த இளந்தாரி அவர். அம்மம்மா அந்தக் காலைச் சுடுதண்ணீர் வாளிக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "சத்தம் போடாதை, பக்கத்து வாட்டில பிள்ளை பெறுகிறவளே சத்தம் போடேல்லை" என்றாராம். காயம் ஆறிய பிறகும் அந்த இளந்தாரி ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டே இருந்தார். "எங்கை காயம், காட்டு" என்று அம்மம்மா கேட்டபோது காட்ட ஒன்றும் இருக்கவில்லை. அதனால் கலியாணம் கேட்டார். இந்தக் கதையை அம்மப்பா சாகும்வரை சொன்னார். அம்மம்மா ஒருநாளும் மறுக்கவில்லை.

யாரையாவது பற்றி, அதுவும் எங்கள் பக்கத்து நேர்ஸ் ஒருவரைப் பற்றி எழுதினால், யுத்தத்தில் அவர் என்ன செய்தார் என்றுதான் முதலில் கேட்பார்கள். வேலை செய்தார். ஆஸ்பத்திரி இடம்பெயர்ந்தபோது அதோடு இடம்பெயர்ந்தார். மரத்தடியில் வாட் போட்டபோது மரத்தடியில் நின்றார். அதற்கு மேல் கேட்டால், "உனக்கு வேற சோலி இல்லையோ?" என்பார். அவரே சொல்லாததை நான் சொல்லப் போவதில்லை. நான் சொல்ல வந்தது ஒரு காலைப் பற்றி. அவருடைய வலது காலைப் பற்றி.

ஓய்வு பெற்ற பிறகு அம்மம்மாவின் வேலை எங்கள் வீட்டு விறாந்தைக்கு மாறியது. அம்மாவும் அப்பாவும் தம்பியோடு வெளிநாட்டுக்குப் போய்விட, பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கும் நான் அம்மம்மாவோடு தங்கிவிட்டேன். விடிந்தால் வாசலில் ஆட்கள். கெளுத்தி முள் குத்தியவன், தூண்டில் மாட்டியவன், காலில் சிப்பி வெட்டியவன். அவர்களைவிட அதிகம் சீனி வருத்தக்காரர், அதாவது நீரிழிவுக்காரர். கடற்கரையில் வெறுங்காலோடு திரியும் சனத்துக்குச் சீனி வருத்தமும் வந்தால் கால்தான் முதலில் போகும் என்பது அம்மம்மாவின் கணக்கு. அதனால் கண்டவர்களையெல்லாம் கால் கேட்பார். "சுகமோ?" என்று கேட்பதற்குப் பதிலாக, "காலைக் காட்டு" என்பார். கோயில் முற்றம், கலியாண வீடு, சந்தை என்று இடம் பார்ப்பதில்லை. விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துவிட்டு ஏசத் தொடங்குவார். மிஸிக்கு முகத்தைக் காட்டாவிட்டாலும் காலைக் காட்ட வேண்டும் என்று ஊரில் பகிடி சொல்வார்கள்.

அம்மம்மாவுக்கும் சீனி வருத்தம் இருந்தது. அதை அவர் ஒரு வருத்தமாகவே எடுக்கவில்லை. குளிசையை விழுங்குவார், தேநீரைக் கசப்பாகக் குடிப்பார், அவ்வளவுதான்.

சில வருஷங்களுக்கு முந்திய தவக்காலத்தில் எங்கள் பங்குக்கு இளம் சுவாமியார் ஒருவர் வந்திருந்தார். பெரிய வியாழன் பூசையில் சுவாமியார் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார். யேசு தன் சீடர்களுக்குச் செய்ததன் நினைவாக நடப்பது. எங்கள் பங்கில் அந்தப் பன்னிரண்டு பேரும் எப்போதும் ஆண்கள்தான். வீட்டிலேயே சவர்க்காரம் போட்டுக் காலைத் தேய்த்து, நகம் வெட்டி, சிலர் பவுடரும் பூசிக்கொண்டு வந்து உட்காருவார்கள். சுவாமியார் கழுவுவதற்கு அங்கே ஒன்றும் மிஞ்சியிருக்காது. புதிய சுவாமியார், இந்த முறை பெண்களும் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். முதலில் அவர் கேட்டு வந்தது மிஸியின் காலை.

"ஊர்க்காலெல்லாம் கழுவின உங்களுக்கு இந்த முறை நான் கழுவ வேணும், மிஸி" என்றார்.

அம்மம்மா தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு அந்தத் தகுதி இல்லை, சுவாமி" என்றார்.

சுவாமியார் உருகிப் போனார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் அதைச் சொன்னார். இவ்வளவு சேவை செய்த ஒருவர் தனக்குத் தகுதி இல்லை என்கிறாரே, இதல்லவா தாழ்மை என்றார். கோயில் முழுவதும் திரும்பி அம்மம்மாவைப் பார்த்தது. அம்மம்மா பீடத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்த பெண்கள், "மிஸியின்ர மனசு ஆருக்கு வரும்" என்று சொல்லிச் சொல்லிப் போனார்கள்.

எனக்கு அந்தத் தாழ்மையில் துளியும் நம்பிக்கை வரவில்லை. கலியாண வீட்டில் முன்வரிசைக் கதிரை கிடைக்காவிட்டால் சாப்பிடாமல் திரும்பி வருகிறவர் அவர். ஆஸ்பத்திரி விழாவில் மாலை வாடியிருந்தது என்று ஒரு மாதம் குறை சொன்னவர். அப்படிப்பட்டவருக்குத் திடீரென்று தாழ்மை வருமென்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்.

யோசித்துப் பார்த்தபோதுதான் மற்றவையும் கண்ணில் பட்டன. கொஞ்ச நாளாக அம்மம்மா வீட்டுக்குள் சொக்ஸ் போட்டுக்கொண்டு திரிந்தார். வன்னி வெயிலில் பங்குனி மாதம் சொக்ஸ். கேட்டால், "வயசு போனால் கால் குளிரும்" என்றார். அவருடைய அறையில் ஓடிக்கொலோன் வாசம் தூக்கலாக இருந்தது. அதற்கு அடியில் வேறொரு வாசமும் இருந்தது. விறாந்தையில் மருந்து கட்டும் நாட்களில் வருமே, அந்த வாசம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, மேலே ஓடிக்கொலோன் தெளித்திருந்தார்.

மறுநாள் காலை, ஆட்கள் வருவதற்கு முன், அவர் நோயாளிகளுக்கு முன்னால் போட்டுக்கொண்டு உட்காரும் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

"காலைக் காட்டுங்கோ."

"ஆருக்கு?"

"எனக்கு."

"நீ ஆர் பார்க்க? ரத்தம் கண்டால் விழுகிறவள். பள்ளிக்கூடத்துக்குப் பிந்துது, எழும்பிப் போ."

"விழுந்தால் எழும்புவன். காட்டுங்கோ."

கொஞ்ச நேரம் என்னை முறைத்துப் பார்த்தார். நானும் முறைத்தேன். அந்த முறைப்பை நான் அவரிடமிருந்துதான் வாங்கியிருந்தேன், ஆகவே அவரால் வெல்ல முடியவில்லை. சொக்ஸைக் கழற்றினார். உள்ளே கட்டு. இந்தக் கரையில் வேறு யாராலும் அவ்வளவு நேர்த்தியாகக் கட்ட முடியாது. அதைப் பிரித்தார். பெருவிரலுக்குப் பக்கத்து விரல் கறுத்திருந்தது. அதற்கு அடுத்த விரலின் அடியில் ஒரு புண், ஆழமாக. எனக்குக் காது இரைந்தது.

"தலையைக் குனி, முழங்காலுக்கு இடையில வை, மூச்சை இழுத்து விடு" என்றார் அம்மம்மா. அழுகிய காலைத் தூக்கி வைத்துக்கொண்டு எனக்கு வைத்தியம் பார்த்தார்.

நத்தார்ப் பண்டிகைக்கு முன்பே தொடங்கியதாம். சிப்பி வெட்டியது அவருக்குத் தெரியவில்லை. சீனிக்காரருக்குக் காலில் காயம் பட்டாலும் நோவு தெரியாது என்று ஊர் முழுக்கச் சொன்னவருக்கு, தன் காலில் தெரியாமல் போய்விட்டது. கண்டபோது தானே ஆற்றிவிடலாம் என்று நினைத்தார். கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்த்துப் பார்த்து மருந்து கட்டினார். அது ஆறவில்லை. பிறகு சொல்வதற்கு வெட்கம்.

ஊருக்கு உபதேசமடி பெண்ணே, உனக்கில்லையடி கண்ணே என்று சொல்லிக் கேலி செய்ய அதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்திருக்காது. ஆனால் அம்மம்மா அழுதார். அவர் அழுது நான் அதற்கு முன் கண்டதில்லை.

"என்ன சொல்லுவினம் பிள்ளை? ஊரில ஒரு காலையும் விடாமல் ஏசினவளுக்குத் தன்ரை காலைப் பார்க்கத் தெரியேல்லை எண்டு சொல்லுவினம். பேந்து ஆர் என்னட்டை வருவினம்?"

அன்றே அவரைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அவர் வேலை செய்த இடம். வாசலில் சைக்கிள் நிறுத்தியவர் முதல் உள்ளே மருந்து கொடுத்தவர் வரை எழுந்து நின்றார்கள். வரிசையில் நின்ற சனம் தானாக விலகி வழி விட்டது. யாரோ கதிரை கொண்டு வந்தார்கள், யாரோ தேநீர் கொண்டு வந்தார்கள். நேர்ஸ்மார் எல்லோரும் அம்மம்மாவின் கைக்குக் கீழே வேலை பழகியவர்கள். டொக்டருக்கு, குழந்தையாக இருந்தபோது தடுப்பூசி போட்டதே அம்மம்மாதான். டொக்டர் காலைப் பார்த்தார், முகம் மாறியது, ஆனால் குரல் மாறவில்லை.

"வவுனியாவுக்குப் போய்க் காட்டினால் நல்லம், மிஸி."

"காட்டுவம், காட்டுவம். பாஸ்கா முடியட்டும். நீங்கள் இப்ப ஒரு நல்ல அன்ரிபயோட்டிக் எழுதுங்கோ" என்றார் அம்மம்மா.

டொக்டர் இன்னும் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். அம்மம்மா அவருடைய தாயின் சுகத்தை விசாரித்தார். கடைசியில் டொக்டர் என்னைப் பார்த்த பார்வையில், நீயாவது இழுத்துக்கொண்டு போ என்று இருந்தது. எனக்கு அவரில் கோபம் வரவில்லை. அம்மம்மாவை அதட்ட இந்த ஊரில் யாராலும் முடியாது என்று அப்போது விளங்கிவிட்டது. அவ்வளவு மரியாதை சம்பாதித்து வைத்திருந்தார். அந்த மரியாதையே அவர் காலைத் தின்றுகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்: "நாளைக்குக் காலமை வவுனியா பஸ்ஸுக்கு வெளிக்கிடுங்கோ. இல்லாட்டி நான் சுவாமியிட்டப் போய், உங்கட தாழ்மை எந்த விரலில துவங்கினது எண்டு சொல்லிப்போட்டு வருவன்."

அம்மம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உன்னை நல்லாத்தான் வளர்த்திருக்கிறன்" என்றார். அது பாராட்டா, சாபமா என்று கேட்க நான் நிற்கவில்லை. உடுப்பை அடுக்கத் தொடங்கிவிட்டேன்.

பஸ்ஸில் ஒட்டுசுட்டான் வரைக்கும் அவர் மிஸியாகத்தான் வந்தார். ஏறியவர்கள் எல்லாம், "மிஸி, எங்க பயணம்?" என்று கேட்டார்கள். "ஒரு கலியாண வீட்டுக்கு" என்று கூசாமல் பொய் சொன்னார். சந்தர்ப்பம் கிடைத்த ஒருவர் தன் முழங்கால் நோவைப் பற்றி நெடுங்கதை சொல்லி, இலவசமாக ஏச்சும் வாங்கிக்கொண்டார். ஒட்டுசுட்டானில் தெரிந்த முகங்கள் இறங்கிப் போயின. அதற்குப் பிறகு காட்டோரம், யானைக்குப் போட்ட வேலி, வயல், திரும்பவும் காடு. ஏறியவர்கள் யாருக்கும் அவரைத் தெரியவில்லை. ஒரு பெடியன் அவரைத் தள்ளி இருக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். அம்மம்மா யன்னலோடு ஒடுங்கிக்கொண்டார். அவர் எவ்வளவு சின்ன உருவம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வவுனியாவில் கிளினிக் வாங்கில் எல்லோரோடும் சேர்ந்து உட்கார்ந்தோம். கதிரை வரவில்லை, தேநீர் வரவில்லை. எங்கள் முறை வந்தபோது இளம் நேர்ஸ் ஒருத்தி, கையில் இருந்த கடதாசியில் எழுதியபடியே, நிமிராமல் கேட்டாள்: "என்ன தொழில் அம்மா செய்தனீங்கள்?"

நான் அம்மம்மாவைப் பார்த்தேன். நான் ஒரு நேர்ஸ், இத்தனை வருஷம், இன்ன இன்ன ஆஸ்பத்திரி என்று அவர் இப்போது தொடங்குவார், இவள் எழுந்து நிற்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"மீன் விக்கிறனான்" என்றார் அம்மம்மா.

 அன்று பெரிய வாரத்தின் செவ்வாய்க்கிழமை. சேவல் கூவுமுன் பேதுரு யேசுவைத் தெரியாது என்று மறுதலித்த கதையை அந்த வாரம் எப்படியும் வாசிப்பார்கள், இவர் முந்திக்கொண்டார். சேவல் கூவவில்லை, பின்னால் இருந்த வாங்கில் யாருடையதோ போன்தான் அடித்தது.

நேர்ஸ் கட்டைப் பிரித்துப் பார்த்தாள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கெல்லாம் எத்தினை தரம் சொல்லுறது? கடற்கரை ஆக்கள் இப்பிடித்தான். அழுகி மணக்குமட்டும் வீட்டை வச்சுக்கொண்டிருந்துபோட்டு, பேந்து தூக்கிக்கொண்டு வாறது. சீனி இருக்கெண்டு தெரியும்தானே? காலை ஒவ்வொரு நாளும் பார்க்கவேணும் எண்டு ஒருத்தரும் சொல்லித் தரேல்லையோ?"

எனக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. இவர் யார் தெரியுமா என்று கேட்க வாயெடுத்தேன். அம்மம்மா என் கையில் நுள்ளினார், தோல் கழன்றுவிடும்போல. தலையைக் குனிந்துகொண்டு, "இல்லைப் பிள்ளை, ஒருத்தரும் சொல்லித் தரேல்லை" என்றார். அவள் இன்னும் ஏசினாள். அம்மம்மா இருந்து கேட்டார். வாட்டுக்குப் போகும் வழியில் மெல்ல என் பக்கம் சாய்ந்து, "நல்லா ஏசுறாள். உருப்படுவாள்" என்றார்.

பெரிய டொக்டர் வந்து பார்த்துவிட்டுச் சுருக்கமாகச் சொன்னார். இரண்டு விரலை எடுக்க வேண்டும். நாளைக்கே எடுத்தால் பாதம் தப்பும். பிந்தினால் பாதம் போகும், இன்னும் பிந்தினால் முழங்காலுக்குக் கீழே. அம்மம்மா யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

"இதில யோசிக்க என்ன கிடக்கு? உங்களுக்குத் தெரியாததே?" என்று டொக்டர் போன பிறகு அம்மம்மாவிடம் பாய்ந்தேன்.

"தெரியும். அதுதான் பயமாக் கிடக்கு. விரல் எடுக்கப் போனவை கால் இல்லாமல் வந்ததை நான் கண்டனான். நீ காணேல்லை" என்றார்.

 கால் இல்லாத அம்மம்மாவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவர் நடந்துபோய் ஏசாத ஒரு ஊரையும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நான் அவரை உயிருக்கு உயிராக நேசித்தேன். அதை அவரிடம் சொன்னால் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலோ என்று பார்ப்பார், அதனால் சொல்லவில்லை.

பக்கத்துக் கட்டிலில் முரசுமோட்டையைச் சேர்ந்த ஒரு அம்மா இருந்தார். வயல் செய்கிற குடும்பம். மகளை வவுனியாவில் கட்டிக் கொடுத்திருந்ததால் இங்கே கொண்டு வந்து காட்டியிருந்தார்கள். அவருக்கும் சீனிக் கால்தான், அவருக்கும் வெட்ட வேண்டும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். மகள் அழுது பார்த்தாள், டொக்டர் சொல்லிப் பார்த்தார், அவர் மாட்டேன் என்று இருந்தார். பின்னேரம் நேர்ஸ்மார் வாட்டின் மறுபக்கத்தில் நின்ற நேரம் பார்த்து, அம்மம்மா பக்கம் திரும்பிப் பேசத் தொடங்கினார்.

"அக்கா, நீங்களும் என்னை மாதிரி வெயிலில நிண்டு வேலை செய்த ஆள் எண்டபடியால் சொல்லுறன். உவைக்கு என்ன தெரியும்? வெட்டு எண்டு சொல்லுறது லேசு. கால் அவையின்ரை இல்லையே. தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்."

அம்மம்மா தன் போர்வையைக் காலுக்கு மேல் இழுத்துவிட்டார். அந்த அம்மா தொடர்ந்தார்.

"வந்து நிண்டு நோகாது, நோகாது எண்டு சொல்லுவினம். ஊசிக்கும் நோகாது, தையலுக்கும் நோகாது, காலை வெட்டவும் நோகாதாம். நோகாது எண்டு சொல்லுற ஆளை நான் எப்பிடி நம்புறது, சொல்லுங்கோ பாப்பம்?"

அம்மம்மா என்னைப் பார்க்காமல் இருக்கக் கஷ்டப்பட்டது எனக்குத் தெரிந்தது. அவர் போட்ட ஒவ்வொரு ஊசிக்கும், இழுத்த ஒவ்வொரு முள்ளுக்கும் முன்னால் சொன்ன சொல் அது. கரை முழுவதும் அவரிடம் அதைக் கேட்டுப் பல்லைக் கடித்திருந்தது. இரவு பகலாக வாட்டுகளில் நின்றவர், நேர்ஸ் அந்தப் பக்கம் போன பிறகு நோயாளிகள் என்ன பேசுவார்கள் என்பதை முதல்முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மிஸி என்று தெரிந்திருந்தால் அந்த அம்மா வாயே திறந்திருக்க மாட்டார்.

"அப்ப, ஆர் சொன்னால் நம்புவாய்?" என்று கேட்டார் அம்மம்மா. வீம்புக்குக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே அது தெரிய வேண்டியிருந்தது.

முரசுமோட்டை அம்மா யோசித்தார். "வெட்டுவிச்சுப்போட்டு வந்த ஆள் சொன்னால் நம்புவன். நீங்கள் முதல் போங்கோ, அக்கா. போட்டு வந்து எனக்குச் சொல்லுங்கோ. பேந்து நான் யோசிக்கிறன்."

"நல்லாயிருக்கு உன்ரை கதை. என்னைக் கொண்டு ஆழம் பார்க்கிறாய்" என்றார் அம்மம்மா. இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு அம்மம்மா, "எங்கை, உன்ரை காலை ஒருக்காக் காட்டு" என்றார்.

அந்த அம்மா போர்வையை விலக்கினார். அம்மம்மா தன் கட்டிலில் இருந்தபடியே எட்டிப் பார்த்தார். கட்டுக்கு மேலே தோல் எந்த இடம் வரைக்கும் சிவந்திருக்கிறது என்று பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விறாந்தையில் அந்த முகத்தை நான் சில தடவை கண்டிருக்கிறேன். அப்படி முகம் வந்தால் அவர் ஏச மாட்டார், உடனே வாகனம் பிடிக்கச் சொல்வார். அந்தக் காலுக்கு யோசிப்பதற்கு நேரம் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

போர்வையை இழுத்து மூடச் சொன்னார். பிறகு அந்த ஏசுகிற நேர்ஸைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, பெரிய டொக்டரிட்டச் சொல்லுங்கோ. நாளைக்கு என்னை முதல் எடுக்கட்டாம்."

காலையில் தள்ளுகட்டிலில் கொண்டு போனபோது கூடவே நடந்தேன். தியேட்டர் கதவடியில் அந்த நேர்ஸ், "பயமா அம்மா?" என்று கேட்டாள். அம்மம்மா, "ஓம்" என்றார். நேர்ஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு அதற்குப் பிறகு அவளில் இருந்த கோபம் போய்விட்டது.

இரண்டு விரல் போயிற்று, பாதம் தப்பியது. பெரிய டொக்டர் வெளியே வந்து சொன்னபோது நான் அவருடைய கையைப் பிடித்து நன்றி சொல்ல நினைத்து, நிலத்தில் உட்கார்ந்து அழுதேன். அதன் பிறகு அம்மம்மா சாகும்வரை தன் காலால் நடந்தார், கோயிலுக்கும் சந்தைக்கும் செத்தவீட்டுக்கும். நடக்கும் நடையில் ஒரு சாய்வு வந்தது, வாயில் ஒரு மாற்றமும் வரவில்லை. எட்டு விரலோடு வந்து எங்கள் காலைக் குறை சொல்கிறார் என்று ஊரில் பகிடி மாறியது. யாரும் அவரிடம் வருவதை நிறுத்தவில்லை. அவர் பயந்தது ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு காய்ச்சலில், பெரிதாக யாரையும் கஷ்டப்படுத்தாமல், போய்ச் சேர்ந்தார்.

ஆனால் அவரை நினைக்கும்போது எனக்கு முன்னால் வருவது விறாந்தையும் இல்லை, சேமக்காலையும் இல்லை. வவுனியாவில் அந்த மத்தியானம்தான் வரும். தியேட்டரில் இருந்து கொண்டு வந்து கட்டிலில் விட்டிருந்தார்கள். முரசுமோட்டை அம்மா காலையில் இருந்தே படுக்கவில்லை, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம், மகள் சொன்னாள். அம்மம்மா கண் திறந்ததும் நான் தண்ணீர் கொடுப்பதற்கு முன் அந்த அம்மா முந்திக்கொண்டார்.

"அக்கா, நோகுதோ?"

நோகாது என்று சொல்லுங்கோ, அம்மம்மா, எத்தனை பேருக்குச் சொன்னீங்கள், இதோடு ஒரு தரம் சொல்லுங்கோ என்று மனதுக்குள் கெஞ்சினேன். அம்மம்மா உதட்டை நனைத்துக்கொண்டு, நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"ஓம். நோகுது" என்றார். "நல்லா நோகுது. ஆனால் கால் கிடக்கு, பார்."

முரசுமோட்டை அம்மா பார்த்தார். வெள்ளைக் கட்டுக்குள் இருந்த அந்தப் பாதத்தை நெடுநேரம் பார்த்தார். கை நீட்டி, கட்டுக்கு மேலே இருந்த கணுக்காலை ஒருமுறை தொட்டும் பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"போய் அந்த டொக்டரிட்டச் சொல்லு" என்றார். "நானும் வாறன் எண்டு."